பந்தாட்ட ஆசிரியர் ஜார்ஜ் ரேனர்

நன்றாக ஆடத் தெரிந்தவரெல்லாம் நன்றாக ஆடக் கற்பிக்கவும் தெரிந்தவர் ஆவரோ? இவ்வினா பந்தாட்டத்துக்கு மட்டும் உரியதன்று. இனிய குரல் வாய்த்தவர் அனைவரும் நல்ல இசையாசிரியர் ஆவதில்லை. கடினமான கணக்கை நொடியில் போட்டுவிடும் மாணவனிடம், "எப்படிப் போட்டாய்?" என்று கேட்டால், "தானாக வந்தது" என்பான். அவனுக்கு அது தானாகத்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. விரல் விட்டு எண்ணி, மூன்று முறை தவறி, நான்காம் முறை விடை கண்டவனுக்கோ ஒவ்வொரு படியும் நினைவில் நிற்கும். பக்கத்திலிருப்பவனுக்குச் சொல்லிக் கொடுக்க இவனால்தான் முடியும். வகுப்பறையில் இதைக் காணாத ஆசிரியர் இலர்.

கால்பந்தாட்ட உலகில் இதற்குச் சான்றாக விளங்கியவர் ஜார்ஜ் ரேனர் என்னும் ஆங்கிலேயர். ஆட்டக்காரர் என்ற முறையில் அவரைச் சொந்த நாட்டிலேயே பலர் அறியார். பயிற்சியாளர் என்ற முறையிலோ, ஒலிம்பிக் தங்கப் பதக்கம், உலகக் கிண்ணப் போட்டியில் மூன்றாம் இடம், பின்னர் அதன் இறுதியாட்டம் ஆகிய மூன்றையும் ஒரு நாட்டுக்குத் தேடித் தந்தார். அந்த நாடு இங்கிலாந்து அன்று, ஸ்வீடன். அவர் கற்றுக் கொடுக்க விரும்பியதோ இங்கிலாந்துக்கு. அவர் கதையில் நம் நெஞ்சைத் தொடுவது இதுவே.

கழகம் விட்டுக் கழகம்

ரேனர் 1907-ஆம் ஆண்டு யார்க்ஷயரில், பார்ன்ஸ்லி நகரை அடுத்த ஹோய்லண்ட் என்னும் ஊரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த பகுதி அது. அங்கே பிறந்த பையன்களுக்கு முன்னால் இருந்த வழிகள் மிகச் சில. சுரங்கத்தில் இறங்கலாம், காலில் திறமை இருந்தால் பந்தாட்டக் கழகம் ஒன்றில் சேரலாம். ரேனர் இரண்டாவது வழியில் சென்றார். சிறிய உருவம், வலப்புற ஓரத்தில் ஓடி ஆடும் முன்னாட்டக்காரர்.

1930-இல் ஷெஃபீல்ட் யுனைடெட் என்னும் பெரிய கழகம் அவரைச் சேர்த்துக் கொண்டது. ஆனால் முதற்குழுவில் இடம் கிடைப்பது அரிதாயிற்று. இரண்டாண்டுக்குப் பின் மான்ஸ்ஃபீல்ட் டவுன். அதன் பின் ராதரம் யுனைடெட். 1935 முதல் இரண்டாம் டிவிஷனில் இருந்த பரி. போர் தொடங்கிய ஆண்டில் ஆல்டர்ஷாட். இதுதான் அவருடைய ஆட்ட வாழ்க்கை. இங்கிலாந்து நாட்டுக் குழுவுக்கு அவர் ஒருபோதும் ஆடவில்லை. பெருங்கூட்டம் அவர் பெயரைக் கூவி ஆர்ப்பரித்ததில்லை.

இத்தகைய ஆட்டக்காரர்கள் அந்நாளில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்த காலம். 1930-களில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு 8 பவுனுக்கு மேல் கழகம் கொடுக்கலாகாது. பருவம் முடிந்ததும் எந்தக் கழகம் வைத்துக் கொள்ளும், எது அனுப்பிவிடும் என்று தெரியாது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் என்ன செய்வதென்பதும் தெரியாது. கொத்தனாரும் தச்சரும் வேலை கிடைத்த இடத்துக்குக் கருவிப்பையைத் தூக்கிச் செல்வது போல, இவர்கள் காலணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர்.

அக்காலத்து ஆங்கிலக் கழகங்களில் பயிற்சி என்று பெயர் பெற்றது எது? ஆடுகளத்தைச் சுற்றிப் பல முறை ஓடுவது, பிறகும் ஓடுவது. பந்து பெரும்பாலும் கண்ணில் படாது. வாரம் முழுவதும் பந்தைக் கொடுக்காமல் வைத்திருந்தால், சனிக்கிழமை ஆட்டத்தில் பந்துக்கு ஏங்கிப் பாய்வார்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. வாரம் முழுவதும் ஏட்டைக் காட்டாமல் வைத்திருந்தால் சனிக்கிழமைத் தேர்வில் பையன் ஆவலோடு எழுதுவான் என்று நம்பும் பள்ளிக்கூடம் உண்டா? பந்தாட்டத்தில் இதை நம்பினார்கள். பயிற்சியாளர் எனப்பட்டவரின் கையில் ஒரு வாளித் தண்ணீரும் பஞ்சும் இருக்கும். அடிபட்டவனைத் துடைத்து எழுப்பி விடுவது அவர் வேலை. ஆட்டத்தை எப்படி ஆடுவது என்று எவரும் எவருக்கும் சொல்வதில்லை. பிறவியில் வருவதைக் கற்பிக்க முடியாது என்பதே பொது எண்ணம்.

பாக்தாதில் ஒரு வகுப்பு

போர் வந்தது. பல ஆட்டக்காரர்களைப் போலவே ரேனரும் படையில் உடற்பயிற்சி ஆசிரியர் ஆனார். அவரை அனுப்பிய இடம் ஈராக். பாக்தாதில் இருந்தபோது, அந்நாட்டு இளைஞர்களைத் திரட்டிப் பந்தாட்டக் குழு ஒன்றை அமைத்து ஆடப் பழக்கினார். அவர் பிறவிப் பயிற்சியாளர் என்பது அங்கேதான் வெளிப்பட்டது.

இச்செய்தி இங்கிலாந்துப் பந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் ஸ்டான்லி ரௌஸின் காதுக்கு எட்டியது. ரௌஸ் வாட்ஃபர்டில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். புகழ்பெற்ற நடுவராகவும் இருந்தவர். ஆசிரியரை ஆசிரியர் அறிவார் போலும்! போருக்குப் பின் ஸ்வீடன் நாட்டுப் பந்தாட்டச் சங்கம் ஒரு பயிற்சியாளரைத் தேடியபோது, அவர் ரேனரின் பெயரைச் சொன்னார். அப்போது ரேனர் ஆல்டர்ஷாட்டின் இரண்டாம் குழுவுக்குப் பயிற்சி கொடுத்து வந்தார். 1946-இல், தமது முப்பத்தொன்பதாம் வயதில், அவர் ஸ்வீடன் சென்று சேர்ந்தார்.

ஸ்வீடனின் நிலைமை அவருக்குச் சாதகமாக இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. அந்நாடு போரில் நடுநிலை வகித்தது. பிற நாட்டு இளைஞர் போர்க்களத்தில் மடிய, ஸ்வீடன் இளைஞர் தொடர்ந்து ஆடி வந்தனர். குன்னர் கிரென், நில்ஸ் லீட்ஹோம், நூர்டால் உடன்பிறப்புகள் மூவர் என அருமையான ஆட்டக்காரர்கள் அங்கே வளர்ந்திருந்தார்கள். ஆனால் இவர்கள் எவரும் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். பகலில் வேறு வேலை பார்த்தார்கள். குன்னர் நூர்டால் தீயணைப்பு வீரர். ஆகவே ரேனருக்குக் கிடைத்தவர்கள் மாலைப் பள்ளி மாணவர்களைப் போன்றவர்கள். களைத்து வருபவர்கள், ஆனால் கற்க விரும்பி வருபவர்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நாட்டுக் குழுவுக்கு யார் யார் ஆடுவது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் ரேனரிடம் இல்லை. அதற்கென்று தேர்வாளர்கள் இருந்தார்கள். அவர்களின் தலைவர் புட்டே கொக். கொடுத்த பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்த வேண்டிய நிலைதான் ரேனருடையது. நாட்டுக் குழுவின் வேலையோடு கழகங்களுக்கும் அவர் பயிற்சி கொடுத்தார். முதலில் யோட்டெபோரி நகரின் கைஸ் கழகம். பின்னர் ஸ்டாக்ஹோமின் ஏ.ஐ.கே.; அதன் பின்னர் ஓட்விதாபேரி என்னும் சிறிய ஆலை ஊரின் கழகம்.

வெம்பிளியில் தங்கம்

1948-இல் ஒலிம்பிக் விளையாட்டு லண்டனில் நடந்தது. ஸ்வீடன் ஆஸ்திரியாவை 3-0 என்றும், கொரியாவை 12-0 என்றும் வென்று அரையிறுதியில் டென்மார்க்கைச் சந்தித்தது. அந்த ஆட்டத்தில் நடந்த ஒரு வேடிக்கையை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. ஸ்வீடன் பந்தைக் கொண்டு வரும் வேளையில் குன்னர் நூர்டால் ஆப்சைடு நிலையில் அகப்பட்டுக்கொண்டார். அங்கேயே நின்றால் கோல் செல்லாது. திரும்பி ஓட நேரமில்லை. என்ன செய்தார் தெரியுமா? கோல் கம்பத்தின் உள்ளே, வலைக்குள் குதித்துவிட்டார்! ஆடுகளத்தை விட்டு வெளியேறியவர் ஆட்டத்தில் இல்லை அல்லவா? கார்ல்சன் தலையால் முட்டிய பந்து கோலுக்குள் வந்தபோது அதைக் கையில் பிடித்தவர் நூர்டாலே. கோல் செல்லும் என்றார் நடுவர். ஸ்வீடன் 4-2 என்று வென்றது. விதியைத் தெளிவாகக் கற்றவனுக்குத்தான் நெருக்கடியில் இப்படித் தோன்றும்.

ஆகஸ்ட் 13-ஆம் நாள் வெம்பிளி அரங்கில் இறுதியாட்டம். யூகோஸ்லாவியாவை ஸ்வீடன் 3-1 என்று வென்று தங்கம் பெற்றது. கிரென் இரண்டு கோல், நூர்டால் ஒன்று.

வெற்றியின் பின் வந்தது இழப்பு. இத்தாலியப் பெருங்கழகங்கள் பணப்பையோடு வந்தன. 1949-இல் மிலான் கழகம் முதலில் நூர்டாலையும், பிறகு கிரென், லீட்ஹோம் இருவரையும் எடுத்துக்கொண்டது. ஊதியத்துக்கு ஆடப் போனவர்கள் ஸ்வீடன் நாட்டுக் குழுவில் ஆடலாகாது என்பது அந்நாட்டுச் சங்கத்தின் விதி. ஆக, ரேனர் இரண்டாண்டில் உருவாக்கிய முன்வரிசை முழுவதும் ஒரே ஆண்டில் போய்விட்டது.

இங்கேதான் ஐயுறுவோர்க்கு விடை கிடைக்கிறது. 1948-ஆம் ஆண்டு வெற்றியை, 'நல்ல ஆட்டக்காரர்கள் கிடைத்தார்கள், வென்றார்' என்று ஒதுக்கிவிடலாம். ஒரு வகுப்பில் மூவர் முதல் வகுப்பில் தேறினால் அது மாணவரின் அறிவாக இருக்கலாம். அவர்கள் சென்றபின் வந்த அடுத்த வகுப்பும், அதற்கடுத்த வகுப்பும் தேறினால், அப்போது ஆசிரியரைத்தான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1950-இல் உலகக் கிண்ணப் போட்டி பிரேசிலில் நடந்தது. ஸ்வீடன் இருந்த பிரிவில் இத்தாலியும் பராகுவேயும் இருந்தன. இந்தியாவும் அதே பிரிவில் ஆட வேண்டியது, ஆனால் விலகிக்கொண்டது. முந்தைய இரு போட்டிகளிலும் கிண்ணத்தை வென்றிருந்த நாடு இத்தாலி. 1949-ஆம் ஆண்டு விமான விபத்தில் டூரின் கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களை அது இழந்திருந்தது உண்மை. எனினும் ஸ்வீடனின் புதுப் பிள்ளைகளை வெல்லும் என்றே பலரும் எண்ணினர். சாவோ பாலோ நகரில் ஸ்வீடன் 3-2 என்று வென்றது. யெப்சன் என்னும் இளைஞர் இரண்டு கோல் போட்டார். ஸ்வீடனின் நல்ல ஆட்டக்காரர்களை வாங்கிச் சென்ற நாட்டை, எஞ்சியவர்களைக் கொண்டே ரேனர் வென்றுவிட்டார்!

இறுதிச் சுற்றில் பிரேசில் ஸ்வீடனை 7-1 என்று நொறுக்கியது. அதை மறைப்பதற்கில்லை. ஆனால் நான்கே நாளில் அந்தப் பிள்ளைகள் எழுந்து நின்று, அவ்வாண்டுக் கிண்ணத்தை வெல்லவிருந்த உருகுவேயை எதிர்த்து, ஆட்டம் முடியக் கால் மணி நேரமிருக்கும் வரை 2-1 என்று முன்னணியில் நின்றார்கள். பிறகே 3-2 என்று தோற்றார்கள். கடைசி ஆட்டத்தில் ஸ்பெயினை 3-1 என்று வென்று மூன்றாம் இடம் பெற்றனர்.

இதே போட்டிக்கு இங்கிலாந்தும் வந்திருந்தது. உலகப் புகழ் பெற்ற தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிறைந்த குழு அது. அமெரிக்காவிடம் 1-0 என்றும், அதே ஸ்பெயினிடம் 1-0 என்றும் தோற்று முதற்சுற்றோடு ஊர் திரும்பியது.

மறுபடியும் இத்தாலியர் வந்தனர். மறுபடியும் பலர் போயினர். மறுபடியும் ரேனர் புதியவர்களைக் கொண்டு தொடங்கினார். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவர்கள் வெண்கலம் பெற்றனர். ஆனால் அரையிறுதியில் ஹங்கேரியிடம் 6-0 என்று தோற்றிருந்தார்கள். அந்த ஆறு கோல்களும் ரேனருக்குப் பாடமாயின.

பத்து நாளுக்கு முன் கிடைத்த விடை

அக்கால ஹங்கேரிக் குழுவின் நுட்பத்தைச் சிறிது விளக்க வேண்டும்.

அந்நாளில் பெரும்பாலான நாடுகளில் இன்னார் இன்னாரைக் காக்க வேண்டும் என்ற ஏற்பாடு வாய்பாடு போல் நிலைத்திருந்தது. ஒன்பதாம் எண் சட்டை அணிந்தவர் நடு முன்னாட்டக்காரர். அவர் எதிரியின் கோலுக்கு மிக அருகில் நிற்பார். ஐந்தாம் எண் அணிந்தவர் நடுப் பின்னாட்டக்காரர். ஒன்பதைக் காப்பது அவர் கடமை. ஐந்துக்கு ஒன்பது, ஒன்பதுக்கு ஐந்து. இதில் சிந்திக்க ஒன்றுமில்லை.

ஹங்கேரியர் ஒன்பதாம் எண்ணை ஹிடெகுட்டிக்குக் கொடுத்துவிட்டு, அவரை முன்னே நிறுத்தாமல் ஆடுகளத்தின் நடுப்பகுதிக்கு இழுத்துவிட்டார்கள். எதிரியின் ஐந்தாம் எண்ணுக்கு இப்போது திண்டாட்டம். தன் ஒன்பதைத் தேடி முன்னே சென்றால், பின்னே திறந்து கிடக்கும் வாசலில் புஷ்காஷும் கோச்சிஷும் புகுந்து விடுவார்கள். செல்லாமல் நின்றால், ஹிடெகுட்டி கேட்பாரின்றிப் பந்தை வாங்கி, நினைத்த இடத்துக்கு அனுப்புவார். இல்லையேல் தாமே ஓடி வந்து கோல் அடிப்பார். மனப்பாடம் செய்த விடைக்குப் பொருந்தாத கேள்வி இது. 1950-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து ஹங்கேரியை எந்த நாடும் வெல்லவில்லை.

1953 நவம்பர் 15-ஆம் நாள் புடாபெஸ்ட்டில் ஸ்வீடன் அந்தக் குழுவை எதிர்த்து ஆடியது. ஹிடெகுட்டி முன்னாட்டக்காரர் என்ற எண்ணத்தை ரேனர் விட்டுவிட்டார். முதுகில் உள்ள எண்ணைப் பாராமல், அவர் நிற்கும் இடத்தையும் செய்யும் வேலையையும் பார்த்தார். அவருக்குப் பந்து தாராளமாகக் கிடைக்காதபடி ஆளைப் பின்தொடர வைத்தார். ஆட்டம் 2-2 என்று சமமாக முடிந்தது. பதினாறு மாதத்துக்கு முன் ஆறு கோல் வாங்கிய குழு. ஊதியமில்லாமல் ஆடும் குழு. உலகின் தலைசிறந்த குழுவை அதன் சொந்த மண்ணில் நிறுத்திவிட்டது.

சரியாகப் பத்து நாள் கழித்து, நவம்பர் 25-இல், அதே ஹங்கேரி வெம்பிளிக்கு வந்தது. ஐரோப்பாக் கண்டத்து நாடு எதுவும் அதுவரை இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வென்றதில்லை. இங்கிலாந்தின் ஐந்தாம் எண் ஹாரி ஜான்ஸ்டன். சென்று பிடிப்பதா, நின்று காப்பதா என்று அவருக்குக் கடைசி வரை விளங்கவில்லை. முதல் நிமிடத்திலேயே ஹிடெகுட்டி கோல் போட்டார். மொத்தம் மூன்று கோல் அவருடையவை. ஆட்டம் 6-3. அடுத்த ஆண்டு மே மாதம் புடாபெஸ்ட்டில் மறுபடியும் ஆடினார்கள், அப்போது 7-1.

அந்தக் கேள்விக்கு விடை கண்ட பயிற்சியாளர் அந்நேரத்தில் ஐரோப்பாவில் இருந்தார். அவர் பேசியது ஆங்கிலம், பிறந்தது யார்க்ஷயரில். அவரை அழைத்து ஆங்கிலக் குழுவை ஒப்படைக்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழவில்லை.

ஏன் எழவில்லை? ஆங்கிலச் சங்கம் பயிற்சியையே வெறுத்தது என்று சொல்வது நேர்மையாகாது. 1946 முதல் நாட்டுக் குழுவின் பொறுப்பில் இருந்த வால்டர் வின்டர்பாட்டம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பயிற்சியாளர்களுக்கு வகுப்புகள் நடத்தி வந்தவர். ஆனால் அவருடைய குழுவையும் தேர்வாளர்களே பொறுக்கினர். கழக உரிமையாளர்களோ வகுப்பு, கரும்பலகை என்றாலே நகைத்தார்கள். ஒரு மேலாளரை அமர்த்தும்போது, 'இவர் எந்தெந்த ஆட்டக்காரரை உருவாக்கினார்?' என்று கேட்பதை விட, 'இவர் எத்தனை முறை நாட்டுக்கு ஆடினார்?' என்று கேட்பது அவர்களுக்கு எளிதாயிருந்தது. ரேனரிடம் அதற்கு விடை, ஒரு முறையும் இல்லை என்பதே.

1958

1954-ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிக்கு ஸ்வீடன் தகுதி பெறவில்லை. ரேனர் இத்தாலி சென்று சிறிது காலம் யுவெண்டஸ் கழகத்திலும், பின் ரோம் நகரின் லாட்சியோ கழகத்திலும் பணியாற்றினார். 1955-இல் தாய்நாடு திரும்பி, மூன்றாம் டிவிஷனில் இருந்த கோவெண்ட்ரி நகரக் கழகத்தில் சேர்ந்தார். 1956 தொடக்கத்தில் மேலாளர் பொறுப்பு அவருக்கு வந்தது; சில மாதங்களில் வேறொருவர் மேலே அமர்த்தப்பட்டார். ரேனர் வெளியேறினார். ஸ்வீடன் அவரை மறுபடியும் அழைத்தது.

1958-ஆம் ஆண்டுப் போட்டியை நடத்தும் நாடு ஸ்வீடன். இம்முறை பழைய விதி தளர்த்தப்பட்டது. ஊதியத்துக்கு ஆடுபவர்களும் நாட்டுக்கு ஆடலாம் என்றாயிற்று. ரேனரின் பழைய மாணவர்கள் திரும்பினார்கள். மிலானிலிருந்து லீட்ஹோம் வந்தார்; வயது முப்பத்தைந்து; அவரே தலைவர். இத்தாலியிலிருந்து முன்பே ஊர் திரும்பியிருந்த கிரெனுக்கு முப்பத்தேழு. இளைஞர் ஹம்ரினும், 1950-இல் பிரேசிலுக்குச் சென்ற ஸ்கோக்லுண்டும் இரு ஓரங்களில். கிழவர் குழு என்று சொந்த நாட்டிலேயே பலர் ஐயுற்றனர்.

மெக்சிகோவை 3-0 என்றும், ஹங்கேரியை 2-1 என்றும் வென்று, வேல்ஸோடு கோலின்றிச் சமன் செய்து, ஸ்வீடன் கால் இறுதிக்கு வந்தது. அங்கே சோவியத் ரஷ்யாவை 2-0 என்று வென்றது. அதே ரஷ்யாதான் இரண்டு நாளுக்கு முன் இங்கிலாந்தைத் தோற்கடித்து ஊருக்கு அனுப்பியிருந்தது. அரையிறுதியில் அன்றைய உலக வீரரான மேற்கு ஜெர்மனி. யோட்டெபோரி நகரில் ஜெர்மனி முதல் கோலைப் போட, ஸ்கோக்லுண்ட் சமன் செய்தார். ஆட்டம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது முப்பத்தேழு வயதுக் கிரென் தொலைவிலிருந்து அடித்த பந்து கோலாயிற்று. இறுதியில் ஹம்ரின் ஓரக்கோட்டருகே பந்தோடு நடக்கிறாரா நிற்கிறாரா என்று எதிரிகள் மயங்கும்படி தாமதித்து, திடீரெனப் பாய்ந்து மூன்றாம் கோலைப் போட்டார்.

ஜூன் 29. ஸ்டாக்ஹோமை அடுத்த ராசுண்டா அரங்கு. எதிரே பிரேசில். ஒரு கோல் வாங்கிவிட்டால் பிரேசிலியர் கலங்கிவிடுவர் என்று ரேனர் சொல்லியிருந்தார். நான்காம் நிமிடத்தில் லீட்ஹோம் இருவரைத் தாண்டிச் சென்று கோல் போட்டார். பிரேசிலியர் கலங்கினார்களா? டிடி என்பார் வலையிலிருந்த பந்தை எடுத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவசரமின்றி நடுக்கோட்டுக்கு நடந்தார். சில நிமிடங்களில் கரிஞ்சா வலப்புறம் கிழித்துக்கொண்டு ஓடி அனுப்பிய பந்தை வாவா கோலாக்கினார். இன்னொரு முறையும் அப்படியே. பதினேழு வயதுப் பெலே இரண்டு கோல் போட்டார். 5-2. ரேனரின் கணிப்பு பொய்த்த நாள் அது. ஆனால் அந்நாளில் அந்தப் பிரேசிலை வெல்லும் வழி யாருக்குத்தான் தெரிந்திருந்தது? ஸ்வீடன் மக்கள் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டினர். பிரேசிலியர் ஸ்வீடன் கொடியை ஏந்தி அரங்கைச் சுற்றி வந்தனர்.

உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்கு ஒரு குழுவை அழைத்துச் சென்ற முதல் ஆங்கிலேயர் ரேனர். ஆல்ஃப் ராம்சே இங்கிலாந்துக்குக் கிண்ணத்தை வென்று தந்தது அதற்கு எட்டாண்டுக்குப் பிறகு, 1966-இல்.

கடலோர ஊர்

அவ்வளவு பெரும்பேறு பெற்றவர் நாடு திரும்பியபோது என்ன வேலை கிடைத்தது? லிங்கன்ஷயரின் கடற்கரையில் ஸ்கெக்னெஸ் என்னும் ஊர் இருக்கிறது. கோடையில் தொழிலாளர் குடும்பங்கள் விடுமுறைக்கு வருமிடம். அவ்வூரின் சிறு கழகம், லீகின் நான்கு டிவிஷன்களில் எதிலும் சேராதது, ரேனரை மேலாளராக வைத்துக்கொண்டது. அந்த வருவாய் போதாமையால் அங்கிருந்த விடுமுறை முகாமின் பண்டகசாலையிலும் அவர் வேலை பார்த்தார்.

1959 அக்டோபர் 28-இல் ஸ்வீடன் குழு வெம்பிளியில் இங்கிலாந்தோடு ஆட வந்தது. அதற்குப் பயிற்சியாளராக நின்றவர் ரேனர். ஸ்வீடன் 3-2 என்று வென்றது. இங்கிலாந்து மண்ணில் இங்கிலாந்தை வென்ற ஐரோப்பாக் கண்டத்து நாடுகளில் அது ஹங்கேரிக்கு அடுத்தது. சிமொன்சன் என்னும் முன்னாட்டக்காரர் இரண்டு கோல் போட்டார். ஆட்டம் முடிந்தபின் ரேனர் துள்ளிக் குதிக்கவில்லை. ஓரளவு மனநிறைவு உண்டென்றும், ஆனால் அது போதவில்லையென்றும், இதே வேலையைப் பிறந்த நாட்டுக்குச் செய்யவே தாம் பெரிதும் விரும்புவதாகவும் கூறினார். ஸ்வீடன் மன்னர் அளித்த பொற்பதக்கமும் ஈராக் தலைமை அமைச்சரின் பாராட்டுக் கடிதமும் தம்மிடம் இருப்பதையும், பல நாடுகள் தம்மை அழைப்பதையும் எடுத்துச் சொல்லி, தமக்கு வேண்டியது இங்கிலாந்தில் ஒரு வேலை என்று வெளிப்படையாகவே கேட்டார். தம்மைத் தாமே புகழ்ந்துகொள்கிறார் என்று சிலர் இதற்கு முகம் சுளித்திருக்கக் கூடும். பிறர் புகழாதபோது வேறென்ன செய்வது? 1960-இல் தம் அனுபவங்களை ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

அவர் எதிர்பார்த்த அழைப்பு வரவில்லை. 1960-இல் ஸ்டாக்ஹோமின் யூர்கோர்டன் கழகம் அழைத்தது, சென்றார். 1967-இல் நான்காம் டிவிஷனில் இருந்த டான்காஸ்டர் ரோவர்ஸ் கழகம் மேலாளர் பதவி தந்தது. அவர் பிறந்த ஹோய்லண்டிலிருந்து அவ்வூர் வெகு தொலைவில் இல்லை. 1968 முடிவதற்குள் அந்தப் பதவியும் போயிற்று. 1985 நவம்பரில், எழுபத்தெட்டாம் வயதில், ரேனர் காலமானார். லீட்ஹோம் அதற்குள் தாமே பயிற்சியாளராகி, மிலானுக்கு 1979-இலும் ரோமாவுக்கு 1983-இலும் இத்தாலியின் முதற்பரிசை வென்று கொடுத்திருந்தார்.